மஞ்சளும் வெயிலும் எழுதும் படம்

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்திவிடுகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை இன்னும் சிவந்து நிற்கிறதே தவிர, போகிற வழியாக இல்லை. அப்போது நம் வீட்டுத் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? "தேய்த்தது போதும், வெயிலில் போடு" என்பார்கள். மாலையில் கொடியிலிருந்து எடுத்துப் பார்த்தால் கறை வெளுத்துப் போயிருக்கும்.

வாசகர்களே, அன்றாடம் நாம் காணும் இந்தச் சின்னச் செய்திக்குள் ஒரு பெரிய கலையின் இரகசியம் ஒளிந்திருக்கிறது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுக்கும். படாத இடத்தில் அப்படியே நிற்கும். அப்படியானால், மஞ்சள் பூசிய ஒரு தாளின் மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காய விட்டால் என்ன ஆகும்? இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நின்று, இலையின் உருவம் தாளில் பதிந்துவிடும். காமிராவும் பிலிமும் இல்லாமலே ஒரு புகைப்படம் கிடைத்துவிட்டது. ஒளி எழுதிய படம் எதுவோ அதுதானே புகைப்படம்!

"கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் கிடக்கும்போது இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தத் தொலைபேசி தண்ணீரில் விழுந்து கெட்டுப்போன அன்று ஆயிரம் படங்களில் எத்தனை மிஞ்சின என்பதையும் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அடையாளக் கார்டுப் படம்

நம் தோட்டத்து மூத்த தலைமுறையின் படங்கள் எத்தனை இன்று நம் வீடுகளில் இருக்கின்றன? பால்மரக் காட்டில் நாற்பது ஆண்டு உழைத்த பாட்டிக்கு ஒரே ஒரு படம் இருக்கும். அதுவும் கட்டைவிரல் அளவே இருக்கும்.

1948ஆம் ஆண்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்தபோது, 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் பதிந்துகொண்டு, படமும் கைரேகையும் கொண்ட அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. நம் தாத்தா பாட்டிகளில் பலர் வாழ்க்கையில் முதல் முறையாகக் காமிராவின் முன் நின்றது அப்போதுதான். அந்தப் படத்தையே பிற்காலத்தில் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, மாலை சாற்றிச் சுவரில் மாட்டிய வீடுகள் உண்டு. தம்மை அடையாளம் காண அரசாங்கம் எடுத்த படமே அவர்களுடைய நினைவுச் சின்னமாகவும் ஆயிற்று.

படம் பிடிப்பவர் ஒருவர், படத்துக்குள் இருப்பவர் வேறொருவர் என்னும் இந்த வழக்கம், நம் முன்னோர் பலர் பால்மரம் வெட்டக் கப்பலேறுவதற்கு முன்பே தமிழ்நாட்டில் தொடங்கிவிட்டது.

தஞ்சைக் கல்வெட்டைத் தாளில் பிடித்தவர்

லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டனாக இருந்த ஆங்கிலேயர். 1850களில் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858ஆம் ஆண்டு அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் கோயில்களையும் அரண்மனைகளையும் பாறைக் கோட்டைகளையும் படம் பிடித்தார். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் புது மண்டபத்தையும் அவர் எடுத்த படங்களில் இன்றும் பார்க்கலாம்.

அவருடைய படங்களில் மிக அரியது தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்தது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்லில் வெட்டிய தமிழ் எழுத்துகளை அவர் துண்டு துண்டாகப் படம் எடுத்தார். பிறகு 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே சுருளாக்கினார்.

அந்தக் காலத்தில் பிலிம் கிடையாது. வெள்ளி உப்புப் பூசிய தாளே பிலிமாகப் பயன்பட்டது. அந்தத் தாளில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் விழும். அதுதான் நெகட்டிவ். இன்னொரு தாளுக்கும் கையால் மருந்து பூசி, நெகட்டிவின் அடியில் வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் காட்டினால் நேரான படம் கிடைக்கும். வானத்தின் நீலம் அந்தத் தாளில் சரியாகப் பதியாது. வெறும் வெளுப்பாகப் போய்விடும். அதனால் டிரைப் தம் நெகட்டிவ்களின் மேல் தூரிகையால் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர் பாதி ஓவியராகவும் இருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனை படங்களையும் தாளில் இறக்குவது ஒருவரால் ஆகிற வேலையா? அவருக்கு இந்திய உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர் மட்டும் ஏட்டில் நிற்கிறது. அவர் பெயர் சி. அய்யாசாமி, சென்னைக் கலைப் பள்ளியோடு தொடர்புடையவர். டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. படத்தின் புகழ் கேப்டனுக்குப் போயிற்று. படம் பிறப்பதற்கு உழைத்த கைகளில் தமிழ்க் கையும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது.

1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இந்தப் படவேலை அரசாங்கத்தின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி அதை நிறுத்திவிட்டார். வெள்ளி உப்பு விலை அதிகம். காமிரா விலை அதைவிட அதிகம். கவர்னருக்கே ஆடம்பரமாகத் தோன்றிய கலை ஏழை வீட்டுக்கு எப்படி வரும்? ஆனால் அதற்கும் முன்பே, மலிவான வழிகளைச் சிலர் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

முட்டையும் பூச்சாறும் இரும்பும்

இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் என்பவர் சாதாரண சமையல் உப்பைத் தாளில் ஏற்றி, அதன் மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பூசி, வெயிலில் கறுக்கும் தாளை உண்டாக்கினார். 1839இல் அதை உலகுக்கு அறிவித்தார். 1850இல் பிரான்சு நாட்டின் பிளாங்கார் எவ்ரார், முட்டையின் வெள்ளைக் கருவைத் தாளில் பூசிப் பளபளப்பான படம் செய்யும் முறையை வெளியிட்டார். அது பரவிய வேகத்தைக் கேட்டால் வியப்பீர்கள். 1888இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரே ஒரு தாள் கம்பெனி, நாள் ஒன்றுக்கு 60,000 முட்டைகளை உடைத்ததாகக் கணக்கு இருக்கிறது!

வானநூல் அறிஞரான சர் ஜான் ஹெர்ஷல் வேறு வழியில் போனார். தோட்டத்துப் பூக்களைப் பிழிந்து, சாற்றைத் தாளில் பூசி, எது எத்தனை நாளில் வெயிலுக்கு வெளுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். நம் மஞ்சள் படம் இந்தப் பூச்சாற்றுப் படத்தின் தங்கைதான். அதே 1842ஆம் ஆண்டில், வெள்ளிக்குப் பதிலாக இரும்பு உப்புகளைக் கொண்டு நீலநிறப் படம் செய்யும் முறையையும் அவர் கண்டுபிடித்தார். கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வரைபடம் நகலெடுக்க இந்த முறையே பிற்காலத்தில் உலகமெங்கும் பயன்பட்டது. "புளூ பிரிண்ட்" என்ற சொல் பிறந்ததும் இப்படித்தான்.

ஆனால் இந்த நீலப் படத்தை முதலில் கலையாக்கிய பெருமை ஒரு பெண்மணிக்கு உரியது. அன்னா அட்கின்ஸ் என்ற அந்த அம்மையார் கடற்பாசிகளைச் சேகரித்து, உலர்த்தி, நீலத் தாளின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி வெயிலில் பதித்தார். 1843இல் அதைப் புத்தகமாக வெளியிடத் தொடங்கி, பத்து ஆண்டு விடாமல் உழைத்தார். புகைப்படங்கள் கொண்டு வெளிவந்த முதல் புத்தகம் என்று அதையே சொல்கிறார்கள். அந்தப் படங்களுக்கு அவர் காமிராவைப் பயன்படுத்தவில்லை.

சமையற்கட்டிலிருந்தே தொடங்குங்கள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். மஞ்சள் படம் செய்யும் முறை இதுதான்.

மருந்துக்கடையில் காயம் துடைக்க விற்கும் ஸ்பிரிட் கால் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2 தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கலக்கிச் சற்று நேரம் வைத்துத் துணியில் வடிகட்டுங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும். அடுப்போ சாமி விளக்கோ எரியும் இடத்தில் இந்த வேலை கூடவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வடித்த சாற்றைக் கெட்டியான வரைபடத் தாளில் தூரிகையால் சீராகப் பூசி, வெயில் படாத அறையில் உலர்த்துங்கள். உலர்ந்த தாளை ஒரு பலகையின் மேல் வையுங்கள். அதன் மேல் தட்டையாக அழுத்தி வைத்திருந்த இலையைப் பரப்பி, கண்ணாடியால் மூடி, கவ்விகளால் இறுக்கி நல்ல வெயிலில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஓரத்தைப் பாருங்கள். திறந்திருந்த பகுதி வெளுத்திருந்தால் போதும். இல்லையென்றால் இன்னும் சற்று விடுங்கள்.

இலையை எடுத்ததும் மஞ்சள் உருவம் தெரியும். அதை இன்னும் எடுப்பாக்க ஒரு வழி உண்டு. ஆலத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதல்லவா? அதே வித்தைதான். பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் வெங்காரத்தை ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து ஆறவிட்டு, படத்தை அதில் நனைத்தால் மஞ்சள் உருவம் செம்பழுப்பாக மாறி நிற்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெங்காரம் வாய்க்குள் போகக் கூடாத பொருள். அது பட்ட பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்ப வேண்டாம்.

மஞ்சள் படத்துக்கு ஒரு குறை இருக்கிறது. படத்தை எழுதிய வெயிலே அதை அழிக்கவும் செய்யும். சுவரில் மாட்டினால் நாளடைவில் மங்கும். ஆகவே ஆல்பத்துக்குள் மூடி வையுங்கள்.

நிலைத்து நிற்கும் நீலம்

நீண்ட காலம் நிற்க வேண்டுமென்றால் ஹெர்ஷலின் நீலப் படத்துக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு இரசாயனங்கள் தேவை. 100 மில்லி லிட்டர் தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டைக் கரைத்து ஒரு குப்பியிலும், இன்னொரு 100 மில்லி லிட்டரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடைக் கரைத்து மற்றொரு குப்பியிலும் வைக்க வேண்டும். வேண்டியபோது சம அளவாகக் கலந்து, மங்கிய விளக்கில் தாளில் பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். கலந்து வைத்த பொட்டலங்களாகவும் இவை விற்பனைக்குக் கிடைக்கின்றன.

பூசிய தாள் மஞ்சட்பச்சையாக இருக்கும். வெயிலில் வைத்ததும் கண்ணெதிரே நீலமாகி, பிறகு சாம்பல் படர்ந்தது போல ஆகும். நம் நாட்டு உச்சி வெயிலில் 5 முதல் 15 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு ஓடும் தண்ணீரில் அலசினால், வெயில் படாத இடத்து மருந்து கரைந்து போய் வெள்ளைத் தாள் தெரியும். வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாக நிற்கும். காரணம் இதுதான். ஒளி பட்டதும் இரும்பு உப்பு மாறுதலடைந்து, மற்ற மருந்தோடு கூடித் தண்ணீரில் கரையாத நீலச் சாயமாகிறது.

இதைப் பருத்தித் துணியிலும் செய்யலாம். ஆனால் அந்தத் துணியைச் சலவைத் தூள் போட்டுத் துவைத்தால் நீலம் வெளிறிவிடும். வெயிலில் கிடந்து மங்கிய நீலப் படத்தைச் சில நாள் இருட்டில் வைத்தால் பெருமளவு பழைய நிறத்துக்குத் திரும்பும் என்பது இதன் தனிச் சிறப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோட்டத்து வீடுகளில் பால் உறைய வைக்கும் ஆசிட் இருப்பதுண்டு. ஃபெரிசயனைடு எந்த ஆசிட்டோடும் சேரக் கூடாது. கடுமையான ஆசிட்டோடு கலந்தால் நச்சுக் காற்று கிளம்பும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கையுறை அணியுங்கள். குப்பிகளில் பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரையோ பெரியவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

மூவார் வெயில்

இந்தக் கலைக்கு மூவார் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு ஒரு பெரிய சொத்து உண்டு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 2 பாகையில் இருக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் உச்சி வேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். டால்போட்டும் ஹெர்ஷலும் இங்கிலாந்தின் மங்கிய வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். நமக்கோ வெயிலுக்குப் பஞ்சமில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள் அல்லவா? அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் பன்னிரண்டுக்கு அல்ல, ஏறக்குறைய ஒரு மணிக்கு. காலை பதினொன்றுக்குத் தொடங்கினால், பிற்பகல் இடிமழை வருவதற்குள் படம் கைக்கு வந்துவிடும்.

ஆற்றங்கரை ஊரின் ஈரப்பதம் இந்தக் கலைக்குப் பகை. மருந்து பூசிய தாள் ஈரம் வாங்கினால் படம் மங்கலாகும். நன்றாக உலர்ந்ததும் காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வையுங்கள். நாள் கடத்தாமல் பயன்படுத்துங்கள். ஆண்டு முடிவின் அடைமழைக் காலத்தில் இலைகளைச் சேகரித்துப் பழைய செய்தித்தாளுக்குள் அழுத்தி வைக்கும் வேலையைப் பார்க்கலாம்.

எதைப் பதிப்பது?

மூன்று இலையாகக் கூடி நிற்கும் ரப்பர் இலையைப் பதியுங்கள். ஊறவைத்துச் சதை நீக்கி நரம்பு மட்டும் மிஞ்சிய ரப்பர் இலையை நாம் புத்தகத்துக்குள் வைத்ததில்லையா? நீலத் தாளில் அது சல்லாத் துணி போலப் பதியும். செம்பனை மரத்தில் ஒட்டி வளரும் பெரணி, லாலாங் புல், வேப்பங்கொத்து, முருங்கை இணுக்கு எல்லாமே நல்ல படம் தரும்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் பிறந்தவர்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் ரப்பர் இலையைக் கையில் தொட்டதில்லை. நம் குடும்பத்துக்குச் சோறு போட்ட மரத்தின் இலை, அதே அளவில், அதே நரம்போடு ஒரு தாளில் இருந்தால் அது எத்தனை பெரிய ஆவணம்!

பாட்டியின் அடையாளக் கார்டுப் படத்தையும் இப்படி அச்சிடலாம். வீட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்து, பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையை நெகட்டிவாக மாற்றித் தருவான். பட்டணத்து அச்சுக் கடையில் அதைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் அடித்துத் தருவார்கள். இலைக்குப் பதில் அதை நீலத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால், பாட்டியின் முகம் தண்ணீருக்குள் மெல்ல மெல்லத் தெளிந்து வரும். மஞ்சள் தாளில் அச்சிட விரும்பினால் மட்டும் நெகட்டிவாக மாற்ற வேண்டாம். நேரான படத்தையே பிளாஸ்டிக்கில் அடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் அளவுப் படம் பெரிதாகும்போது சற்று மங்கலாகத்தான் வரும். கையால் மருந்து பூசிய தாளில் அந்த மங்கலும் ஓர் அழகாகவே படும்.

முதல் தாள் திட்டுத் திட்டாக வரலாம். இரண்டாவது அதிகம் கறுத்துப் போகலாம். சோர்ந்துவிடாதீர்கள். சின்னத் துண்டுகளில் நிமிடக் கணக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பெரிய தாளுக்குப் போங்கள். பால்மரத்தில் பட்டைக்குக் காயம் படாமல் கத்தி போடக் கற்றுக்கொண்ட கைக்கு இந்தப் பக்குவம் வர நாளாகாது.

அச்சிட்டு முடித்ததும் படத்தின் பின்புறம் பென்சிலால் மூன்று செய்திகளை எழுதுங்கள்: யார் அல்லது என்ன, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. அதற்குக் கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள். நம்மைப் படம் பிடித்தவர்கள் இதுவரை பெரும்பாலும் பிறராகவே இருந்தார்கள். இந்தப் படத்தைச் செய்த கை யாருடையது என்று நாளை நம் பிள்ளைகள் தேடி அலைய வேண்டாம்.